தாங்கிக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன்

எங்கள் மலையில் துணி காயாது. கீழே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மழை மாதங்களில் கொடியில் போட்ட சட்டை நாலைந்து நாள் தொங்கினாலும் ஈரம் போகாது, கடைசியில் பூஞ்சை வாடையோடு வீட்டுக்குள் வரும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவோம். கோயிலுக்குக் கட்டிப்போகும் சேலையில் முந்தின நாள் வறுத்த கருவாடு மணக்கும். யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது, எல்லோர் மேலும் ஏதாவது ஒரு குழம்பு மணக்கும்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு பலவீனம். ஈரத் துணி உடம்பில் படக்கூடாது என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிஞ்சாங்கில் ஒரு கடைக்குப் போய், துணி உலர்த்தும் மிஷின் ஒன்றைத் தவணைக்கு எடுத்துவிட்டார். கடன் கொடுத்தது மலைக்குக் கீழே ஈப்போவில் இருக்கும் ஒரு கம்பெனி. மிஷின் லோரியில் வந்து இறங்கியபோது எனக்கு வந்த கோபத்தில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய மிஷினா, யார் கட்டுவது, நான் ஃபேக்டரியில் தேயிலைப் பொட்டலம் போட்டுச் சம்பாதிப்பது உங்கள் கண்ணுக்கு மலையாகத் தெரிகிறதா என்று கத்தித் தீர்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு ஈரத் துண்டை உள்ளே போட்டு மிஷினை ஓட்டினார். வெளியே எடுத்தபோது துண்டு இளஞ்சூடாக இருந்தது. அதை என் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

"இப்பப் பேசு" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

தவணை முடிவதற்கு முன் அவர் போய்விட்டார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லயத்தில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். அக்கா என்பதற்கு மலாயில் காக்கா. காலையில் என்னைப் பார்த்ததும் "காக்கா, காக்கா" என்று அழைப்பார்கள். முதலில் கேட்டபோது என் நிறத்தைச் சொல்கிறார்களோ என்று முறைத்தேன். வேலை முடிந்து வந்தால் அவரவர் கைப்பேசியில் அவரவர் ஊரோடு பேச உட்கார்ந்துவிடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியாது. சில நாள் சமைத்ததைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல், அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டுப் படுப்பேன்.

காரியம் முடிந்த வாரத்தில் அவருடைய கைப்பேசி அடித்தது. அதை அணைத்துவைக்க எனக்கு மனம் வந்திருக்கவில்லை. எடுத்தேன். ஈப்போ கம்பெனியிலிருந்து ஒரு மலாய்ப் பெண், அவர் இருக்கிறாரா என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்றேன். மெதுவான குரலில் வருத்தம் சொன்னாள். அவளுக்கும் வேலை இருக்கிறது அல்லவா, தவணையைப் பற்றிக் கேட்டாள். "மாச்சிக் தங்கோ செய்கிறீர்களா?"

மாச்சிக் என்றால் அத்தை மாதிரி. அதில் குழப்பம் இல்லை. குழப்பம் மற்றச் சொல்லில்தான்.

என் மலாயைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. லயத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் மொழிபெயர்க்க என்னைத்தான் கூட்டிப்போவார்கள். சுமை தாங்குவதற்கு, பொறுப்பேற்பதற்கு மலாயில் தங்கோங் என்பார்கள். நம்முடைய தாங்கு என்ற சொல்லுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். மலையில் கைப்பேசிக் கோடு எப்போதும் பாதிச் சொல்லைத் தின்றுவிட்டுத்தான் தரும். அவள் கேட்டது தங்கோங்தான், இந்தக் கடனை நீங்கள் தாங்குகிறீர்களா என்றுதான் கேட்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடன்காரனாகச் செத்தான் என்று அவரை ஒருவன் சொல்லிவிடக்கூடாது. அவர் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்த பொருளை எவனும் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது.

"ஆமாம், நான் தங்கோ" என்றேன் அழுத்தமாக.

எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டேன். பிறகு சொல்கிறோம் என்றாள். பெயர் மாற்றி ஏதோ தாள் வரும் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஆனாலும் மாதாமாதம் தவணைப் பணத்தை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவந்தேன். கேட்ட அன்றைக்கு இல்லை என்று கையை விரிக்கக்கூடாது பாருங்கள்.

ஒவ்வொரு மாதமும் அவள் அழைத்தாள். இந்த மாதமும் தங்கோவா என்று கேட்பாள். ஆமாம், தங்கோதான் என்பேன். ஒருமுறை சொன்னால் போதாதா, இவர்களுக்கு மாதாமாதம் சத்தியம் செய்துகொடுக்க வேண்டுமா என்று எரிச்சல் வரும். ஆனால் எரிச்சல் நிலைக்காது. காரணம், பேச்சைத் தொடங்கும்போது அவள், "மாச்சிக், சாப்பிட்டீர்களா?" என்று கேட்பாள். என்ன சமைத்தேன் என்று சொல்வேன். மேலே குளிரா என்பாள். மழையா பனியா என்று விளக்கமாகச் சொல்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அழைப்புக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அது வரும் வாரத்தில் குளிக்கப் போனாலும் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

திடீரென்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பல மாதம் தவணை நிலுவை, அதற்குமேல் தாமதக் கட்டணம், இரண்டு வாரத்துக்குள் தீர்க்காவிட்டால் ஆள் அனுப்பி மிஷினை எடுத்துக்கொள்வோம் என்று இருந்தது. கடன் தொகையைப் பார்த்தேன். அவர் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிட வளர்ந்திருந்தது. தாங்குகிறேன் தாங்குகிறேன் என்று மாதாமாதம் சொன்னவளிடம் இப்படியா? போனில் பேசினால் கோடு மறுபடி சொல்லைத் தின்னும். நேரில் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று லீவு போட்டேன்.

பிஸ்கட் டின்னைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, காலைப் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கியா பார்ம் காய்கறிக் கடைகளைத் தாண்டி, கம்போங் ராஜா வழியாகக் கீழே இறங்கும் வளைவுகளில், பேச வேண்டியதை எல்லாம் மலாயில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து இருக்கையில் உட்காரவந்த அம்மா என் வாய் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போய்விட்டார்.

ஈப்போவில் இறங்கியதும் வெயில் அறைந்தது. ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு கம்பெனியைத் தேடிப்போனேன். உள்ளே நுழைந்ததுமே அந்தக் குரல் கேட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தலையில் முக்காடிட்ட ஒரு சின்னப் பெண், காதில் கருவி மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"பாச்சிக், சாப்பிட்டீர்களா?"

பாச்சிக் என்றால் மாமா. வேறு யாரோ ஒரு கடன்காரர். என்னிடம் கேட்ட அதே இழுப்பு, அதே கனிவு. என் முகம் சுண்டிப்போனது. எனக்கு மட்டும் என்றா நினைத்திருந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவு தூரம் ஒத்திகை பார்த்த பேச்சில் பாதி அங்கேயே மறந்துவிட்டது.

என் முறை வந்தது. நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"மாதாமாதம் நீதானே கேட்டாய்? நான் தங்கோ என்றுதானே சொன்னேன்? பிறகு எப்படி எடுக்க வருவீர்கள்?"

"ஆமாம் மாச்சிக், நீங்கள் சொன்னீர்கள். அதனால்தான் நிறுத்திவைத்தோம். இதற்குமேல் நிறுத்த முடியாது."

"எதை நிறுத்திவைத்தீர்கள்? நான் தாங்கிக்கொள்கிறேன் என்றல்லவா சொன்னேன்?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு மேசை மேலிருந்த காலண்டரை எடுத்துத் தூரத் தள்ளிவைத்தாள். "இது தங்கோ" என்றாள். ஒத்திப்போடுவது, தள்ளிவைப்பது. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத மூட்டை ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வது போல் காட்டினாள். "இது தங்கோங்."

காதுக்கு, சொல்லின் நுனியில் ஒரு மூச்சளவுதான் வித்தியாசம். ஆஸ்பத்திரியில் நான் யாருக்கு என்னென்ன மொழிபெயர்த்துத் தொலைத்தேனோ என்று ஒரு நொடி பயம் வந்தது. ஆனால் அசடு வழிய எனக்கு நேரமில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"நீ தள்ளிவைக்கவா என்று கேட்டாய். நான் தூக்கிவைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாதப் பணமும் இதில் இருக்கிறது. எண்ணிக்கொள். ஆனால் தாமதக் கட்டணம் கட்ட மாட்டேன். தள்ளிவைத்தால் கட்டணம் ஏறும் என்று ஒரு மாதமாவது சொன்னாயா? சாப்பிட்டீர்களா என்று கேட்டாய், இதைச் சொல்லவில்லை."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன். அவள் தலை குனிந்துகொண்டாள். பிறகு டின்னில் இருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, கட்டணத்தைக் குறைக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றாள். அதிகாரமுள்ளவரிடம் போய்க் கேள் என்றேன். உள்ளறைக்குப் போய் வந்தாள். பாதி குறைப்பார்களாம்.

காய்கறி வாங்கிப் பழகியவளிடம் பாதி விலையா? ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். எதிர்க் கட்டட மாடியில் யாரோ காயப்போட்ட துணிகள் விறைத்து நின்றன.

"அந்த வெயிலைப் பார். மலைக்கு லோரி அனுப்பி, அத்தனை வளைவு ஏறி இறங்கி மிஷினைக் கொண்டுவந்து இந்த ஊரில் யாரிடம் விற்பீர்கள்? பிழிந்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும் ஊரில் அதை எவன் வாங்குவான்? உள்ளே இருப்பவரிடம் இதையும் கேட்டுவா."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி மறுபடி உள்ளே போனாள். இந்த முறை வர நேரமானது. வந்து, தாமதக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்றாள். டின்னில் இருப்பது நிலுவைக்கு. மீதிக் கடன் என் பெயருக்கு மாறும், தவணையும் முன்னைவிடச் சின்னது. வெற்றிதான். அவரிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று தோன்றியது.

பெயர் மாற்ற அவள் கணினியைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"நீங்கள் போன் எடுக்காவிட்டால் யாரை அழைப்பது? சொந்தக்காரர் ஒருவர் பெயர் வேண்டும்."

யோசித்தேன். கிள்ளானில் என் கொழுந்தன் இருக்கிறார். சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுன்னாலும் கூப்பிடுங்க அண்ணி" என்றவர். அங்கேயே அவரை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கடன் விஷயமா அண்ணி?"

"பணம் கேக்கல தம்பி. சும்மா ஒரு பேரு. நான் எடுக்கலேன்னா உங்களக் கூப்பிடுவாங்க, அவ்வளவுதான்."

"வேணாம்லா அண்ணி. நாளைக்கு எம் மேல வந்து விழும். வீட்டுல சத்தம் போடுவா. நீங்க வேற யாரையாச்சும் போட்டுக்குங்க."

"சரி தம்பி. சாப்ட்டீங்களா?"

"வேலையில இருக்கேன் அண்ணி, வச்சிர்றேன்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"நானே எடுப்பேன். எப்போது அழைத்தாலும் எடுப்பேன்" என்றேன்.

"எடுக்காவிட்டால், மாச்சிக்?"

"எடுக்காவிட்டால் நான் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு வந்து மிஷினை எடுத்துக்கொள்."

சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். சிரிக்கவில்லை. ஏதோ தட்டினாள். சரிபார்க்கச் சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினாள். சொந்தக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தியாடா என்று இருந்தது. இல்லை என்று பொருள். நான் வாசிப்பேனோ மாட்டேனோ என்று அவள் அதை வாய்விட்டும் படித்தாள். அந்தச் சொல்லைத் தப்பாகக் கேட்க எனக்கு எந்த வழியும் இல்லை. சரிதான் என்றேன்.

மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் இறங்கி லயத்துக்கு நடந்து வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "மழையா காக்கா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் பேச்சுக்குத் திரும்பிவிட்டான்.

உள்ளே வந்து உடுத்தியிருந்ததை மாற்றி, ஸ்வெட்டரையும் தலை துவட்டிய துண்டையும் மிஷினில் போட்டேன். இரண்டே துணி, அவ்வளவு பெரிய மிஷினுக்குள் புரண்டு புரண்டு விழுந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு, அது நிற்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு சூடாக இருந்த துண்டை எடுத்து, நானே என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.