ஒழுகும் வண்டிக்கு ஒரு அட்டை

சௌகத் அலி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்த கருப்புச் சொட்டை விரலால் தொட்டார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். பிறகு எழுந்து, ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ஒருவரின் முதுகைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணாத்த! உன் கியர் பாக்ஸு அழுதுகினு கீது! சாயங்காலமா மெக்கானிக்காண்ட காட்டு!"

ஓடியவர் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடினார். செங்கல்பட்டில் காலை ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்குச் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடவே நேரமிருப்பதில்லை. கியர் பாக்ஸ் அழுதால் யார் கண்ணைத் துடைப்பது?

ஸ்டேஷனை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது அவருடைய டூவீலர் ஸ்டாண்டு. வீட்டுக்குப் பக்கத்து மனையில் தகரக் கூரை போட்டு நடத்துகிறார். திருக்கழுக்குன்றம், படாளம், கருங்குழி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் வண்டியை இங்கே விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறுகிறார்கள். நானும் அதில் ஒருவன். வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. மற்ற ஸ்டாண்டுகளில் 'பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதியிருக்கும் இடத்தில், இங்கே 'ஆயில் ஒழுகும் வண்டிகள் முன்கூட்டியே சொல்லவும்' என்று எழுதியிருக்கிறது.

முன்பு அது மண் தரை. மழை வந்தால் வண்டிகள் சேற்றில் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். தொண்ணூற்றெட்டில்தான் கான்கிரீட் போட்டார். போட்டபின் காலையும் மாலையும் தண்ணீர் காட்டி, ஈரச்சாக்கு போர்த்தி, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாராம். திறந்த முதல் நாளே ஒரு புண்ணியவானின் ஸ்கூட்டர் நட்டநடுவில் சொட்டிவிட்டுப் போனது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பதருன்னிசா சொல்கிறார். "அவங்க அம்மா மவுத்தானப்பகூட ரெண்டு இட்லி துன்னாருங்க" என்று ஒரு கொசுறும் சேர்த்துக்கொள்கிறார்.

இது வெறும் அழகுப் பைத்தியம் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஒரு மழைநாளில், எண்ணெயும் தண்ணீரும் கலந்த இடத்தில் இங்கே வண்டி விடும் செங்கமலம் டீச்சர் கால் வைத்து வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு போயிற்று. கையில் மாவுக்கட்டோடு அவர் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்த நாளிலிருந்துதான் சௌகத் அலிக்கு ராத்திரி ஒரு கறை தரையில் தங்கினாலும் தூக்கம் வருவதில்லை.

கறை எடுப்பதற்கு அவரிடம் சட்டதிட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சேதம் இருக்கிறது. பெட்ரோல் ஊற்றித் துடைக்கக் கூடாது. இது அவருடைய இடது புருவம் சொல்லிக்கொடுத்த பாடம். ஆரம்பத்தில் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ பீடி பற்றவைக்க, குபீரென்று கிளம்பியதில் போன பாதிப் புருவம் இன்னும் முளைக்கவில்லை. எண்ணெய்த் தண்ணீரை வெளியே கழுவிவிடக் கூடாது. இதற்கு உயிர்த்தியாகம் செய்தது பதருன்னிசாவின் கறிவேப்பிலைச் செடி. எண்ணெய் குடித்த மரத்தூளை அடுப்பங்கரைப் பக்கம் வைக்கக் கூடாது. இது வெந்நீர் அடுப்பருகே வைத்த சாக்கு புகைந்து, தெருவே திரண்டு வந்து அணைத்தபோது தெரிந்துகொண்டது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் எந்தக் காலத்திலும் ஒன்றுசேரக் கூடாது. இது அவருடைய மச்சான், குளியலறையைப் பளபளப்பாக்கப் போய், மூச்சுமுட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த கதை. "வூட்ட கழுவுறேன்னு போனான், அவன மவுத்தா கழுவ வேண்டியதாப் போயிருக்கும்" என்பார்.

அவருடைய முறை நிதானமானது. முதலில் தேய்க்கவே கூடாது. "தேச்சியா, அது உள்ள போய்க் குந்திக்கும். அப்பால நீ கெஞ்சுனாலும் வராது." மரவாடியிலிருந்து வந்த தூளையோ, அரிசி மில்லிலிருந்து வந்த உமிச்சாம்பலையோ தூவிவிட்டு அது குடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டி அள்ளி, தண்ணீர் தெளித்து, மூடிபோட்ட டின்னில் வைக்க வேண்டும். பழைய ஆயில் எடுக்க வருகிறவன் டின்னையும் சேர்த்துக் கொண்டுபோவான். அதன்பின் துணி சோப்புத்தூளைக் குழைத்து அப்பி, ஊறவிட்டு, வெந்நீர் தெளித்து, நார்பிரஷ்ஷால் தேய்ப்பது. கம்பிபிரஷ் கூடாது, தரை சொரசொரத்துவிடும். சுற்றிலும் மரத்தூளால் ஒரு வரப்பு கட்டி அழுக்குத் தண்ணீரை அதற்குள்ளேயே குடிக்கவைப்பார். ஒரே நாளில் போகாவிட்டால் மறுநாளும் இதே சடங்குதான். எண்ணெயிடம் அவருக்கு இருக்கும் பொறுமையில் கால்வாசி மனிதர்களிடம் இருந்தால் அவருக்கு இந்நேரம் இரத்தக்கொதிப்பு வந்திருக்காது.

வருமுன் காப்பதற்கு வண்டிக்கடியில் விரிக்கும் அட்டை. அதிலும் சாதி பிரித்து வைத்திருக்கிறார். லேசாகச் சொட்டுகிற வண்டிக்குப் பிஸ்கட் பெட்டி அட்டை. தாராளமாகச் சொட்டினால் சோப்புப் பெட்டி அட்டை. கலர் டிவி வாங்கியபோது வந்த பெரிய, தடித்த அட்டை ஒன்று வீட்டுப் பரணில் இருக்கிறது. அதை மட்டும் யாருக்கும் தந்ததில்லை. "அது ஸ்பெசல் கேசுக்கு" என்பார். என்ன கேஸ் என்று கேட்டால், "வர்றப்ப தெரியும்" என்பார்.

எங்கள் ரயில் கூட்டாளி ராமானுஜத்தின் ஸ்கூட்டர் சோப்புப் பெட்டி ரகம். இருவருக்கும் நாள்தோறும் ஒரு கச்சேரி நடக்கும்.

"சாமி, இன்னிக்கும் அதே ஒழுகலா?"

"பழைய வண்டி பாய். சொட்டத்தானே செய்யும்?"

"சொட்டட்டும் சாமி. வண்டின்னா சொட்டும், அதுல தப்பு இன்னா கீது? சொட்டுதுன்னு தெரிஞ்சிகினு அட்டைய நீயே எடுத்துப் போடு. நான் வந்து போடணும்னு நிக்கிற பாரு, அதான் பேஜாரு."

வண்டி ஒழுகுவதை வைத்து ஆளை எடைபோடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பிரேக் ஆயில் ஒழுகவிடுகிறவன் முன்யோசனை இல்லாதவன். பெட்ரோல் ஒழுகவிடுகிறவன் குடும்பத்தைப் பற்றிக் கவலைப்படாதவன். இதெல்லாம் சுத்தப் பிதற்றல் என்றுதான் நான் சொல்வேன். பிரேக் ஆயில் ஒழுகவிட்ட ஒருவர் அவருக்கே ஆயுள் காப்பீடு எடுத்துக்கொடுத்திருக்கிறார். ஆனால் இந்தப் பிதற்றல் போன தை மாதம் அவருடைய மகள் ஃபர்சானாவின் வாழ்க்கையில் குறுக்கே வந்து நின்றது.

மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிளும் மொபெட்டும் வாடகைக்கு விடுகிற அஜ்மல் என்ற பையன். கோவளத்துக் குடும்பம். பெரியவர்கள் வேனில் வந்தார்கள், பையன் கடையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். வண்டியை நேரே கான்கிரீட்டில் ஏற்றி நிறுத்தினான். சௌகத் அலியின் கை தன்னிச்சையாக அட்டையைத் தேடிப்போனது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் வண்டிக்கடியில் அட்டையைத் தள்ளுவது மரியாதையா? பதருன்னிசா கண்ணாலேயே அவரை உட்காரவைத்தார். சமோசாவும் டீயும் நடந்த நேரமெல்லாம் சௌகத் அலியின் காது மட்டும் வெளியே சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சம்பந்தி பேசியது ஒன்றும் அவருக்கு ஏறவில்லை.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஃபர்சானாவுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. அவர்கள் கிளம்பியதும் சௌகத் அலி வெளியே போனார். தோசை அளவுக்குக் கறை. தொட்டார், முகர்ந்தார், உள்ளே வந்து, "வேணாம்" என்றார்.

"இன்னாங்க வேணாம்?"

"மாத்தாத ஆயிலு. கருகிப்போய்க் கீது. வண்டி வாடகைக்கு விடுறவன், தன் வண்டி ஒழுகுறதே தெரியாம குந்திகினு சமோசா துன்றான். அவங்கிட்ட என் பொண்ண எப்டிக் குடுப்பேன்?"

"நீங்க பொண்ணக் கட்டிக் குடுக்குறீங்களா, தரையக் கட்டிக் குடுக்குறீங்களா?" என்றார் பதருன்னிசா.

ஒரு ராத்திரிகூடக் கறையைப் பொறுக்காத மனிதர், அந்தக் கறையை மட்டும் எடுக்கவில்லை. சுற்றிலும் செங்கல் அடுக்கிச் சாட்சியாக வைத்திருந்தார். கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகும்போது ஃபர்சானா யாரும் பார்க்காமல் ஒரு பிடி உமிச்சாம்பலை அதன்மேல் தூவிவிட்டுப் போவாள். அவர் வந்து அதைக் கூட்டித் தள்ளுவார். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோய், தகப்பனும் மகளும் சாம்பலால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவளே வாய்விட்டுக் கேட்டாள். "அத்தா, நீங்க வண்டியத்தான பாத்தீங்க. அவர எப்ப பாத்தீங்க?" அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்து மனசு கஷ்டமாகிவிட்டது. நல்ல இடம், நல்ல பையன், நடுவில் ஒரு தோசை அளவு கறை.

தரகர் கோவளத்துக்குப் போய் விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வண்டி எடுக்கப் போயிருந்தேன். ராமானுஜமும் இருந்தார். சௌகத் அலி பள்ளிவாசலில். அஜ்மல் ஒரு பையோடு உள்ளே வந்தான். விறுவிறுவென்று செங்கல்லை நகர்த்திவிட்டு, பையிலிருந்த ஒரு பாட்டிலைத் திறந்து கறைமேல் ஊற்றினான். தரை சீறிக்கொண்டு நுரைத்தது.

"நல்லா வேல செய்து" என்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்து ஒரு பொட்டலத்தை எடுத்து வாயால் கடித்துப் பிரிக்கப்போனான்.

"டேய்!"

தெருமுனையிலிருந்து அப்படியொரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இரத்தக்கொதிப்புக்காரர், லுங்கியை மடித்துக்கட்டக்கூட நிற்காமல் ஓடிவந்து, பையன் கையிலிருந்த பிளீச்சிங் பவுடரைத் தட்டிப் பறித்துத் தெருவில் எறிந்தார். சட்டைக் காலரைப் பிடித்து அவனை வெளியே இழுத்தார். "ஆசிட்டு மேல அத்தக் கொட்டுறியா? உசுரு வேணாமா உனுக்கு? யாருடா உன்கிட்ட சொன்னது?"

"கடக்காரரு சொன்னாரு மாமா..."

மாமா என்ற சொல் காதில் விழுந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. குழாயைத் திறந்து முதலில் அவன் காலைக் கழுவினார். பேண்ட்டில் ஆசிட் பட்டு ஓட்டைகள் விழுந்திருந்தன. "எரியுதா? இங்க எரியுதா?" என்று விரல்விரலாகக் கேட்டுக் கழுவினார். தரைக்கு நிறையத் தண்ணீர் விட்டார். "பதரு! ஆப்பசோடாவ எடுத்துனு வா! டப்பாவோட!" என்று கத்தினார். சோடாவைத் தூவத் தூவ, தரை இன்னொருமுறை பொங்கி, பிறகு அடங்கியது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

கான்கிரீட் அரித்து, ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு, தாம்பாள அகலத்துக்கு ஒரு பள்ளம். பள்ளத்துக்கு நடுவில், அப்படியே, கருப்பாக, கறை.

பதருன்னிசா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "முடிஞ்சிது" என்றார். கதவுக்குப் பின்னால் ஃபர்சானாவின் துப்பட்டா நுனி மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. ராமானுஜம் என் காதில், "இதுக்கு என் ஸ்கூட்டரே தேவலை" என்றார்.

"தரை போச்சு மாமா" என்றான் அஜ்மல்.

சௌகத் அலி பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "வண்டி எங்க?" என்றார்.

"வெளிய மாமா. ரோட்டுல."

அவர் வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம். எதிர்ப்பக்கம், சாக்கடை ஓரத்து மண் தரையில், மாடுகள் படுத்துக்கிடக்கிற இடத்தில் அந்த மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அந்த மண்ணில் எண்ணெய் சொட்டினால் கேட்க நாதியில்லை. ஆனாலும் எஞ்சினுக்கு நேர் கீழே, ஓரம் மடித்த ஒரு அட்டை. பறக்காமலிருக்க மேலே நாலு கல்.

சௌகத் அலி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அட்டையிலிருந்த சொட்டைத் தொட்டார். தேய்த்தார். முகர்ந்தார். "ஆயில் மாத்திக்கீற" என்றார்.

"தரகரு வந்து சொன்ன அன்னிக்கே மாத்திட்டேன் மாமா. வாஷர் இன்னும் வரல. மெட்ராஸ்ல சொல்லி வச்சிருக்கேன்."

அவர் எழுந்தார். வீட்டுக்குள் போனார். உள்ளே எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் விழுந்தது. வெளியே வந்தபோது தலையில் ஒட்டடையும், கையில் அந்த டிவி பெட்டி அட்டையும் இருந்தன. தன் மொபெட்டை வீட்டு வாசற்படி ஓரத்திலிருந்து வெயிலுக்கு நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் அட்டையை விரித்தார். மடிப்புகளை உள்ளங்கையால் நீவிச் சரிசெய்தார். பிறகு ரோட்டுக்குப் போய், மாப்பிள்ளையின் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து, அதன்மேல் நிறுத்தினார்.