நிஜாமின் கண்கள்

வளைகுடா நாட்டு முசஃபாவில் நிஜாமின் கடையில் தொழிலாளர் மாட்டும் கவரால், ஹெல்மெட், பாதுகாப்பு மேல்சட்டை எல்லாம் கிடைக்கும். ஆனால் இன்ன நிறம் வேண்டும் என்று கேட்டால் மட்டும் அவர் கையால் எடுத்துத் தரமாட்டார். "நீங்களே பாத்து எடுங்க பாய், ஒங்க கம்பெனி கலரு ஒங்களுக்குத்தானே தெரியும்" என்பார். மரியாதைக்காரர் என்று பெயர் வேறு. மரியாதையாவது, மண்ணாங்கட்டியாவது! மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஜவுளி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு குறை என்றால் சொந்த ஊர் கீழக்கரையில் யார் பெண் கொடுப்பார்கள்? கல்யாணத்துக்காக மறைத்தது, மறைத்தபடியே நின்றுவிட்டது. மனைவி மெஹர்பானுவுக்குக்கூடத் தெரியாது.

மகள் ஆமிரா ஹெலிகாப்டர் பைலட் ஆகப்போகிறேன் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜும்மா முடிந்து பள்ளிவாசல் முன்னால் நிற்கும் ஊர்க்காரர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார். கடலுக்குள் இருக்கிற எண்ணெய்த் தளங்களுக்கு ஆள் ஏற்றிப் போவாளாம். வயது பதினெட்டு ஆகிவிட்டது. ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள். எழுத்துத் தேர்வெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டா? பறக்கும் பயிற்சிக்கு முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்று மட்டும் வாங்கியாக வேண்டும்.

அந்தச் சான்றுக்கு நிறம் பார்க்கும் சோதனையும் உண்டு என்று தெரிந்த அன்று நிஜாமுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இது வராது என்று யாரோ எப்போதோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் ஆமிரா இலைகளுக்குப் பழுப்பு தீட்டியபோது மெஹர்பானு குறும்பு என்று திட்டியிருக்கிறாள். நிஜாமுக்கு அந்தப் படத்தில் ஒரு தப்பும் தெரிந்ததில்லை.

ஆமிரா புள்ளிப் படங்களிலும் தோற்றாள், விளக்குச் சோதனையிலும் தோற்றாள். டாக்டர் சேதுமாதவன் மூவரையும் உட்காரவைத்து மெதுவாகத்தான் சொன்னார்.

"இந்தக் கண்ணோட கமர்ஷியல் லைசென்சுக்கு சர்டிபிகேட் தர முடியாதும்மா."

மெஹர்பானு உடைந்து அழுதாள். "எங்க காக்காவுக்கு, என் கூடப்பொறந்த அண்ணனுக்கு, இந்தக் கொறை இருக்கு டாக்டர். என்னாலதான் எம்புள்ளைக்கு இப்புடி ஆயிடுச்சு."

நிஜாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழியை அவளே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டார். அப்படி விட்டது அவருக்கே தெரிந்தது, உடம்பெல்லாம் கூசியது.

"அம்மா வழியில மட்டும் வந்தாப் பத்தாதுங்க" என்றார் டாக்டர். "பொண்ணுக்கு இது இருந்தா அப்பாவுக்கும் கண்டிப்பா இருக்கும்."

ஆமிரா திரும்பினாள். "வாப்பா, உங்களுக்கு இருக்கா?"

அவர் தலை தாழ்ந்தது. "இருக்கு மவளே."

மெஹர்பானுவின் அழுகை சட்டென்று நின்றது. அவள் நாற்காலியை அவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"ஃபர்ஸ்ட்டே சொல்லியிருக்கலாம்ல வாப்பா" என்றாள் ஆமிரா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "நான் வேற எதுக்காச்சும் ஆசப்பட்டிருப்பேன்."