கோட்டை விட்ட மாமா

அம்மாவின் தம்பி வேல்ஸ் நாட்டில் ஒரு பழைய ஊருக்கு, முதியோர் இல்லத்து வேலைக்குப் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. அந்த ஊரில் கோட்டை இருக்கிறது, என் மாமாவும் இருக்கிறார். சங்கரன்கோவில் முழுக்கப் பீற்றிக்கொள்ள எனக்கு அது போதும்.

வாரம் தவறாமல் வீடியோவில் கூப்பிட்டுக் கோட்டைச் சுவரைக் காட்டுவார். இங்கிலாந்து ராஜா ஒருவன் நாட்டைப் பிடித்துக் கட்டியதாம். சுவருக்குள் அவன் கூட்டிவந்த ஆட்கள்தான் குடியிருக்கலாம். சொந்த மண்ணின் ஜனங்கள் பகலில் சந்தைக்கு வந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வெளியேறிவிட வேண்டும்.

"அப்பிடி வெரட்டியும் பாஷைய விடல மக்கா. இப்பவும் போர்டுல அவங்க பாஷைதான் மேல," என்பார்.

ஒருநாள் அடுப்படியில் அப்பா, "ஒன் தம்பி அங்கன போயும் கோட்டை விட்டுட்டான்," என்று அம்மாவிடம் சலித்துக்கொண்டார். அந்த முதியோர் இல்லத்தையே மூடிவிட்டார்கள், வேலை போனதில் மாமாவின் தப்பு ஒன்றுமில்லை என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. நானோ, மாமா கோட்டையை விட்டுக் கிளம்பிவிட்டார், ஊருக்கு வருகிறார் என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமும் அவர் முதுகுக்குப் பின்னால் அதே சுவர். கோட்டையை விட்டுவிட்டதாக அப்பா சொன்னாரே என்று கேட்டேன். அவர் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தார்.

"விட்டுட்டேன் மக்கா. அதுதான் என்னைய விடமாட்டேங்கு," என்று சிரித்தார்.

அம்மா போனைப் பிடுங்கி, எங்கே படுக்கிறாய் என்று கேட்டாள். சிநேகிதன் வீட்டில் என்றார். வந்துவிடு என்று அழுதாள். வேறு வேலை கிடைக்காமல் எந்த முகத்தோடு வருவது என்றார்.

அந்தக் குளிர்காலத்திலேயே மாமா பெட்டியில் வந்தார். கோட்டைச் சுவரோரம் விறைத்துக் கிடந்தாராம். துட்டி கேட்க வந்தவர்களிடம் அப்பா மாரடைப்பு என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக மாமா கூப்பிட்டபோது அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் தலையெல்லாம் வெள்ளை. நான் பனியைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்குப் போய்விடாதீர்கள் மாமா, இன்னும் கொஞ்சம் காட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

"போகல மக்கா. இங்கனயேதான் நிப்பேன்," என்றார்.

எனக்காகத்தான் நிற்கிறார் என்று கொள்ளை சந்தோஷம் எனக்கு.