திருப்பித் தள்ளிய சாரம்

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். சம்மாந்துறைப் பக்கத்து வயல், வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்தது. அதைப் பற்றிச் சொல்லும் உரிமை என் பிள்ளைகளை விட எனக்குத்தான் இருக்கிறது.

அதை உழுது விதைத்து, யானை இறங்காமல் காவல் கிடந்தவர் காரைதீவைச் சேர்ந்த எங்கள் முல்லைக்காரர். அவருடைய தகப்பனும் என் வாப்பாவிடம் அதே வேலைதான் செய்தார். முல்லைக்காரர் என்றால் குடும்பத்தோடு காணிக்காரருக்குக் கட்டுப்பட்டவர். வேறு வயலுக்குப் போக முடியாது. விதைப்புக்கு முன் வெற்றிலையும் இடுப்பில் உடுக்க ஒரு சாரமும் கொடுப்போம். சாரத்தை வாங்கிவிட்டால் அந்தப் போகம் முழுக்க அவர் எங்கள் ஆள். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை.

சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள், தமிழர் என்று இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். வயல் காடாகிப் போனது. சண்டை முடிந்த பிறகும் தமிழ் ஊரான காரைதீவுக்குள் போக என் மூத்த மகன் பயந்தான். மழை தொடங்கிவிட்டது. அந்த மாரியும் விதைக்காவிட்டால் பக்கத்துக் காணிக்காரர் எல்லையைத் தள்ளிவிடுவார்கள். வழக்கம்போல வெற்றிலையும் புதுச் சாரமும் வாங்கி, மகனையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

முல்லைக்காரர் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஆண்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். முல்லைக்காரர் எனக்கு ஒரு கதிரை போட்டார். எதிரே இன்னொன்றைப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். எனக்கு முகம் சுட்டது. சுவரில் மாலை போட்ட படம், அவருடைய மூத்த மகன். என் தம்பியும் அதே சண்டையில்தான் போனான். பையை நீட்டினேன். வெற்றிலையை எடுத்துக்கொண்டு சாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"வெத்திலை போடுவம் புள்ள. சாரத்தக் கொண்டு போங்க. எங்கட அப்பன் உடுத்ததே காணும், இனி வேணாம்."

"அப்ப வயல்?"

"அரைவாசிக்கெண்டா செய்வன். விளையிறதில பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

வாசலில் நின்ற மகன் கத்தினான். "உம்மா, எழும்புங்க! நம்மட காணியில இவர் பங்கு கேக்காரு!"

ஒழுங்கையில் நின்றவர்கள் வேலி வாசலுக்கு, படலையடிக்கு வந்துவிட்டார்கள். முல்லைக்காரர் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி கத்தட்டும். காணி ஆர்ட?" என்று என்னைக் கேட்டார்.

"என்ட சீதனம். நாந்தான் சொல்லணும்."

படலையடியில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன்: "ஓம் அண்ணன், அரைவாசிக்கே செய்யுங்க." அதுவரைக்கும் அவரை நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன். அறுவடை வரை மகன் என்னோடு கதைக்கவில்லை.

அண்ணன் காலமாகிவிட்டார். இப்போது அவருடைய இளைய மகன் செய்கிறார், அதே அரைவாசிக்கு. இந்த முறை என்ன நெல் விதைப்பதென்று கதைக்க இன்று பின்னேரம் வருவார். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதிய பேத்தியிடம் சொன்னேன்:

"மகள், முதல்ல இருந்து வாசி. இது அவர்ட தகப்பன்ட கதை. அவர் இங்க வந்து இருக்கக்குள்ள வாசிக்க ஏலாதது ஒண்டும் இதில இருக்கப்படாது."