நான் தேய்த்த கார்

கார் என்னுடையது இல்லை. தம்பியுடையது. அவன் சுவிஸில் இருக்கிறான். நாலு வருசத்துக்கு முந்திக் குடும்பத்தோடு வந்து நின்றபோது, ஓடித் திரிய என்று வாங்கினான். சின்னக் கார். சிவப்பு. திரும்பிப் போகிற அன்று கார்த் திறப்பை என் கையில் தந்தான். "சும்மா விட்டால் பட்டரி செத்துப்போம் அக்கா. ஓடிக்கொண்டிருங்கோ" என்றான்.

எனக்கு அப்போது கார் ஓடத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் பழகினேன். பழகினதுக்குக் காரணம் என் வீட்டுக்காரர், இவருடைய கால். இவர் இரும்பில் யன்னல் கிறில் ஒட்டுகிற வேலை செய்தவர். சீனி வருத்தத்தில் வலது காலில் இரண்டு விரல் எடுத்தாயிற்று. புண் ஆறும், பிறகு பிளக்கும். செவ்வாய்க்கிழமை தோறும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் மருந்து கட்டவேண்டும். எங்கள் ஊர் நாரந்தனையில் பஸ் ஏறினால் இறங்குவதுக்கிடையில் யாராவது அந்தக் காலை மிதித்துவிடுவார்கள். காரில் என்றால் பின் சீற்றில் காலை நீட்டி, தலகணி வைத்துக்கொண்டு வருவார். அந்தக் காரால் எங்களுக்கு ஆகிற வேலை அதுதான். கோயிலுக்குக்கூட நடந்துதான் போவோம்.

தம்பி கிழமைக்கு ஒருக்கால் போனில் முகம் பார்த்துக் கதைப்பான். முடிக்கிற நேரம், "காரையும் ஒருக்காக் காட்டுங்கோ" என்பான்.

முதல் வருசம் காட்டினேன். அடுத்த வருசம் காட்ட ஒரு மாதிரி இருந்தது. வெயிலும் உப்புக் காற்றும் பட்டுக் கூரையும் முன்பக்கத்துப் பொனெற்றும் வெளிறிவிட்டன. சிவப்பு றோஸ் நிறமாகிவிட்டது. ஒருநாள் மழை விட்ட கையோடு அவன் கதைத்தான். ஈரத்தில் கார் புதுக் கார் போல மினுங்கியது. "நல்லா வைச்சிருக்கிறியள் அக்கா" என்றான்.

அன்றைக்குத் தொடங்கியது என் கள்ளப் பழக்கம். அவன் எடுக்கிற நேரத்துக்கு முந்திக் கிணற்றில் இரண்டு வாளி அள்ளிக் காருக்கு மேலே ஊற்றிவிடுவேன். பிறகு காட்டுவேன். கதைத்து முடிந்ததும் கார் அப்படியே வெயிலில் நின்று காயும்.

எங்கள் கிணறு உவர். வாயில் வைக்க ஏலாது. குடிக்கவும் உலை வைக்கவும் பவுசர் லொறியில் வருகிற தண்ணிதான். கிணற்றுத் தண்ணியில் தோய்த்தால் உடுப்பிலேயே வெள்ளை படியும். காரில் படியும் என்று எனக்குப் புத்தியில் ஓடவில்லை. வெளிறினதை மறைக்க ஊற்றின தண்ணி, வெளிறினதைவிடப் பெரிய கெடுதலைச் செய்துவிட்டது. கிட்ட நின்று பார்த்தால் கார் முழுக்க வெள்ளை வட்டம். துடைத்தாலும் போகவில்லை, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை.

கிட்ட நின்று பார்த்ததே, தம்பி வருகிறேன் என்று சொன்ன பிறகுதான்.

"திருவிழாவுக்கு வாறம் அக்கா. காரைப் பற்றியும் யோசிக்கோணும். என்ரை மனுசியின்ரை தம்பி யாழ்ப்பாணத்திலை கலியாணம் கட்டியிருக்கிறான். அவனுக்குக் குடுப்பமோ எண்டு இவ கேக்கிறா. வந்து பாத்திட்டுச் சொல்லுறன்."

"ஓம்" என்றேன்.

போனை வைத்ததும் இவர் கேட்டார். "என்னவாம்?"

"காரைப் பாத்திட்டுத்தான் சொல்லுவானாம்."

"நீர் வைச்சிருக்கிற வடிவைப் பாத்தானெண்டால் அண்டைக்கே குடுத்துப்போடுவான்." பிறகு, "மினுக்கி வைச்சாலும் மச்சான்காரனுக்கு ஆசை வந்திடும். ரண்டும் ஒண்டுதான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் பிறத்தியாரின் சாமானைப் பழுதாக்கி வைத்துக்கொண்டு, எனக்கு விட்டுவிட்டுப் போ என்று கேட்க ஏலாது. கேட்பது என்றால் முதலில் காரை ஒழுங்காக்கவேண்டும்.

அடுத்த செவ்வாய் ஆஸ்பத்திரி முடிந்து வரும்போது, வாகனச் சாமான் கடையில் தேய்க்கிற பசை ஒரு போத்தலும் பஞ்சுத் தட்டு ஒன்றும் வாங்கினேன். மிசின் வாங்கவில்லை. இவர் கிறில் வேலைக்கு வைத்திருந்த கிறைண்டர் அலுமாரிக்குக் கீழே கிடந்தது. சுற்றுகிற மிசின் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தேன். பஞ்சுத் தட்டைப் பூட்டினேன். பூட்டுப்பட்டது. பொனெற்றில் பசையைப் பூசி, ஓரத்தில் வைத்து அமத்தினேன்.

இவர் கதிரையில் இருந்தார். "இஞ்சாரும், மணக்குது."

"பசை மணக்கும்தானே."

"பசை இல்லையப்பா, பெயின்ற் மணக்குது. நிப்பாட்டும்!"

நிப்பாட்டினேன். துடைத்துப் பார்த்தேன். வலது பக்க லைற்றுக்கு மேலே, பொனெற் ஓரத்தில் நெருப்புப்பெட்டி அளவுக்குச் சிவப்பு இல்லை. சாம்பல் நிறம். முந்தி வெளிறலாவது இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை.

அன்று பின்னேரம் அதே காரில் வேலணைக்குப் போனேன். அங்கே கார் திருத்துகிற கராச் வைத்திருக்கிறவரை எனக்குப் பழக்கம். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணை என்பேன். இருவரில் யார் மூப்பு என்று இதுவரை கேட்டதில்லை. அவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"கல்லு வெட்டிற மிசினாலையோ தேய்ச்சனீங்கள்?"

"இரும்பு வெட்டிறது."

"அப்ப பறுவாயில்லை" என்றார். சிரிக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள்தான் சிரித்தார்கள்.

வடிவாகச் செய்வதென்றால் முழுப் பொனெற்றுக்கும் பெயின்ற் அடிக்கவேண்டும் என்றார். அதுக்கு நாளும் இல்லை, வழியும் இல்லை. சின்னத் தூரிகையால் தொட்டு அந்த இடத்தை நிரப்பிவிட்டார். சிவப்பு மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. பிறகு தன் மிசினை எடுத்துத் தந்தார். கிறைண்டர் மாதிரித்தான் இருந்தது, ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற ஒரு சில்லு அதில் இருந்தது.

"அமத்தாதேங்கோ அக்கா. மிசின்ரை பாரமே போதும். ஓரத்துக்கெல்லாம் கடதாசி ரேப் ஒட்டுங்கோ. தகரத்தைத் தொட்டுப் பாருங்கோ, சுட்டால் விட்டிடுங்கோ. வெள்ளைப் புள்ளிக்கு முதல் வினாகிரி போட்டுத் துடையுங்கோ. கழுவிறது நல்ல தண்ணியிலை. உங்கடை கிணத்துத் தண்ணி ஒரு துளி படக்கூடாது."

அதுதான் கரைச்சல். வானத்தில் ஒரு முகில் இல்லை. வீட்டில் இருந்தது பவுசர் தண்ணி மூன்று கான். அடுத்த பவுசர் வர நாலு நாள். நான் இரண்டு கானை வெளியே தூக்கினேன்.

"குடிக்கிற தண்ணியிலை கார் கழுவினதெண்டு ஊர் அறிஞ்சால் என்ன சொல்லும்?" என்றார் இவர்.

"ஊருக்கு ஆர் சொல்லப்போறது?"

"நான்தான்."

சோளகக் காற்று மண்ணைக் கொண்டுவந்து பூசிக்கொண்டிருந்தது. பசை பூசின இடத்தில் மண் விழுந்தால் கீறிவிடும். கொடி கட்டி நாலு படுக்கை விரிப்பைச் சுற்றிவரத் தொங்கவிட்டேன். காற்றுக்கும் மறைப்பு, பக்கத்து வீட்டுக் கண்ணுக்கும் மறைப்பு. உள்ளே நின்று ஒரு சிரட்டை ஒரு சிரட்டையாக நல்ல தண்ணி ஊற்றிக் கழுவினேன். அந்த நாலு நாளும் தேத்தண்ணியைக் குறைத்தோம்.

பத்து நாள் காலை வேலை. விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏற விட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு ஒரு பகுதி. முதல் நாள் இடது பின் கதவு. ஆரும் அவ்வளவு பார்க்காத இடம் என்று அதை எடுத்தேன். வினாகிரித் துணியைப் புள்ளிகளுக்கு மேலே கொஞ்ச நேரம் விட்டேன். நல்ல தண்ணியில் கழுவித் துடைத்தேன். ஓரத்துக்கு ரேப் ஒட்டினேன். பஞ்சில் நாலு பொட்டுப் பசை. மிசினை நிப்பாட்டி வைத்தபடியே பசையைத் தடவிவிட்டுப் பிறகுதான் ஓடவிடவேண்டும். இல்லாவிட்டால் பசை எல்லாம் முகத்தில்தான். அதை இரண்டாம் நாள் படித்தேன்.

மிசின் கையை இழுக்கும். இழுக்கிற பக்கம் போகவும் விடக்கூடாது, மல்லுக்கட்டவும் கூடாது. மாடு பிடிக்கிற கயிறு மாதிரிப் பிடித்தேன். மெல்ல மெல்ல, போன கோட்டில் பாதிக்கு மேலே அடுத்த கோடு. பஞ்சு சிவப்பாக வந்தது. பயந்துபோய் வேலணைக்குப் போன் பண்ணினேன். "அது செத்த தோல் அக்கா, வரத்தான் வேணும்" என்றார் அண்ணை.

துடைத்தேன். கதவில் பின்னால் தொங்கின விரிப்புகள் தெரிந்தன. விரிப்பில் இருந்த பூவும் தெரிந்தது. நான் குனிந்து நின்றதும் தெரிந்தது.

"முடிஞ்சுதோ?" என்று இவர் கேட்டார்.

"இந்தக் கதவு முடிஞ்சுது."

தடியை ஊன்றிக்கொண்டு வந்து, விரிப்பை விலக்கிப் பார்த்தார். கதவைப் பார்த்தார், பக்கத்துக் கதவைப் பார்த்தார். "ரண்டு கார் மாதிரிக் கிடக்கு" என்றார். அடுத்த நாள் நான் சொல்லாமலே ரேப் கிழித்து வைத்திருந்தார்.

கூரைக்கு மர வாங்கில் ஏறி நின்று மூன்று நாள். சில புள்ளிகள் போகவில்லை, குழி விழுந்துவிட்டன. அதை விட்டுவிட்டேன். இன்னும் தேய்த்தால் சாம்பல் வரும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. கடைசி நாள் மெழுகு போட்டேன். அது கையால்தான். சொப்பிங் பையைக் கையில் போட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு நொறுநொறுப்பு இல்லை.

தம்பி வந்தான். வாசல் படலையில் இறங்கினதும் காரைச் சுற்றி ஒருக்கால் நடந்தான். "அக்கா, குடுத்ததிலும் பாக்க நல்லாக் கிடக்கு" என்றான். அவன் பெண்சாதியின் முகத்தைப் பார்த்தேன். அவவுக்கும் பிடித்துவிட்டது. இவர் என்னைப் பார்த்தார். சொன்னேனே என்கிற பார்வை.

இரண்டாம் நாள் அவவின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பது வயது வரும். காரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சுற்றி வந்தவர் வலது லைற்றுக்குக் கிட்ட நின்றுவிட்டார். விரலால் தட்டினார். பொனெற்றைத் தூக்கிக் கீழே பார்த்தார். திரும்பவும் தட்டினார்.

"அக்கா, இது அடிபட்ட இடம். எந்த மதிலிலை குடுத்தனீங்கள்?"

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் என் தலையில் ஒரு பொய் ஏறியிருக்கும், கார் என்னிடமே நின்றிருக்கும். அந்த யோசனை வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

"மதிலிலை குடுக்கேல்லை. மிசினாலை தேய்ச்சுப்போட்டன்."

"ஆர் தேய்ச்சது?"

"நான்தான். கார் முழுக்க நான்தான் தேய்ச்சனான். இந்த இடத்திலை பிழைச்சுப்போச்சு."

அவர் சிரித்தார். "நீங்களோ! மிசின் பிடிச்சோ!" இவர் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. எங்கை அடிச்சது?"

"அடிக்கேல்லைத் தம்பி. அவதான் தேய்ச்சவ" என்றார் இவர்.

"அண்ணை அக்காவுக்குப் பயந்து சொல்லுறார்."

நான் உள்ளே போய்க் கிறைண்டரை எடுத்து வந்தேன். பஞ்சுத் தட்டு இன்னும் அதில் கருகிக் கிடந்தது. நீட்டினேன். "பிளக் போட்டுக் காட்டட்டோ?"

"ஐயோ வேண்டாம் அக்கா" என்று இரண்டு அடி பின்னுக்குப் போனார். போய், என் தம்பியின் தோளில் கை போட்டு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மெல்லத்தான் கதைத்தார், காற்று இந்தப் பக்கம் அடித்தது. "அத்தான், அடிபட்ட காரை மினுக்கிக் காட்டீனம். உள்ளுக்கு நெளிஞ்சிருக்கும். எனக்கு வேண்டாம்."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். கோபம் ஒன்றும் இல்லை. போகும்போதுகூட, "றோட்டைப் பாத்து ஓடுங்கோ அக்கா" என்றார்.

பெண்சாதி குசினிக்குள் போனதும் தம்பி என்னிடம் வந்தான். "உண்மையா அடிக்கேல்லையோ?"

"இல்லை." பிறகு மிச்சத்தையும் சொன்னேன். உவர்த் தண்ணி ஊற்றி ஊற்றிக் காட்டினது, புள்ளி விழுந்தது, எல்லாம். காலுக்காகக் கார் வேணும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் நேரம் எடுத்தது.

அவன் காரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அத்தானுக்கு ஒவ்வொரு கிழமையும் கட்டோணுமெண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை. காரைத்தான் கேட்டனீ."

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவன் பொனெற் ஓரத்தைத் தடவினான்.

"சரி அக்கா, நீங்களே வைச்சு ஓடுங்கோ. ஆனால் இவவிட்டை நான் அடிபட்டதெண்டுதான் சொல்லப்போறன். தேய்ச்சதெண்டு சொன்னால், அப்ப ஏன் என்ரை தம்பிக்குக் குடுக்கேலாது எண்டு நிப்பா. நீங்கள் மாத்திக் கதைச்சுப்போடாதேங்கோ."

நான் தலையாட்டினேன்.

அதனால் தம்பியின் பெண்சாதி பக்கத்தில் நான் இப்போது மதிலில் கார் குடுத்த அக்கா. திருவிழாவில் அவர்கள் பக்கத்து ஆள் ஒருத்தி, "காயம் ஒண்டும் படேல்லையே?" என்று அன்பாகக் கேட்டா. இல்லை என்றேன். எந்த மதில் என்று இவரைக் கேட்டவைக்கு, ஒருத்தருக்கு அல்லைப்பிட்டி என்றும் இன்னொருத்தருக்குப் பாலத்தடி என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு தரம் அடித்தேன் என்று இப்போது கதை.

அவர்கள் பிளேன் ஏறினது திங்கட்கிழமை. அடுத்த நாள் காலை ஆறரைக்கு இவரைப் பின் சீற்றில் ஏற்றினேன். காலை நீட்டித் தலகணியைச் சரிப்படுத்தினார். "மெல்லப் போம், மதில் கிதில் வரும்" என்றார். நான் திறப்பைத் திருப்பினேன்.