கார்த்திகையில் காய்ச்சப் போன பால்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், கிள்ளானில் எனக்கு மூன்று லோரிகள் ஓடிக்கொண்டிருந்த நேரம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆளாக ஆரம்பித்து, அதே லோரியை ஓட்டி, பிறகு அதையே வாங்கி, நாற்பத்தைந்து வயதில் முதலாளி ஆனவன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. அப்பன் சொத்தும் இல்லை, லாட்டரியும் விழவில்லை. எல்லாம் இந்த இரண்டு கை.

அப்போது எங்கே டீ குடிக்க உட்கார்ந்தாலும் வீட்டு விலைதான் பேச்சு. எந்தத் தாமானில், அதாவது எந்த வீடமைப்புப் பகுதியில், எவ்வளவு ஏறியது, யார் எத்தனை வாங்கினார் என்று. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் முதலீட்டு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பணம் கட்டிச் சேர்ந்தேன். நடத்தியவர் நம் தமிழர்தான், கோட்டும் டையுமாக வருவார். எல்லாரும் அவரை 'கோச்' என்று கூப்பிட்டார்கள். என் பக்கத்தில் ஒரு ஆசிரியை, முன்னால் ஓய்வு பெற்ற அரசாங்கக் கிளார்க், பின்னால் இரண்டு பேங்க்காரர்கள். அத்தனை படிப்பாளிகள் நடுவில் அதிகமாகக் கேள்வி கேட்டது நான்தான். கோச்சே ஒரு நாள் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இவர் மாதிரி இருக்கணும் லா" என்று கைதட்ட வைத்தார்.

வகுப்பு முடிகிற சமயத்தில் ஒரு கம்பெனியைக் காட்டினார்கள். பங்சாரில் அலுவலகம், கோச்சுக்கும் அதில் பங்கு உண்டு. வீட்டைத் தேடுவது, பெயின்ட் அடிப்பது, வாடகைக்கு ஆள் வைப்பது, வாடகை வசூலித்து நம் பேங்கில் போடுவது எல்லாமே அவர்கள் வேலை. நாம் கையெழுத்துப் போட்டு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் போதும்.

நான் சும்மா ஏமாறுகிற ஆளா? வாடகைக்காரர் ஓடிப்போனால் யார் பொறுப்பு, கூரை ஒழுகினால் யார் செலவு என்றெல்லாம் கேட்டேன். எதற்கும் பதில் தயாராக இருந்தது. வாடகைக்காரரை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். உடனே காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷா ஆலமைத் தாண்டி ஒரு புதுத் தாமான். கேட் அருகே முப்பது வயதிருக்கும் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். "மாசா மாசம் கரெக்டா கட்டிடறேன் அண்ணே, நல்ல வீடு" என்றாள். இதற்கு மேல் என்ன பார்க்க இருக்கிறது?

முன்பணத்துக்கு என் மூன்று லோரிகளில் புதியதை விற்பதாக முடிவு செய்தேன். வாங்குகிற ஆளும் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மிச்சம் இரண்டும் பழசு, மாதத்தில் பாதி நாள் பட்டறையில் கிடப்பவை. கணக்கு தவறினால் நான் மறுபடியும் அடுத்தவன் லோரியில்தான் ஏற வேண்டும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஜனவரியில் விலை ஏறிவிடும், வருஷக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றது கம்பெனி. அங்கேதான் என் மனைவி குறுக்கே வந்தாள். அவர்கள் குறித்த தேதிக்கு மார்கழி பிறந்துவிடும்.

"மார்கழியில யாராவது வீடு வாங்குவாங்களா? கையெழுத்த எப்ப வேணா போடுங்க. பால கார்த்திகையிலயே காய்ச்சிடணும்."

"நாம அங்க குடியிருக்கவா போறோம்?"

"வீடு யாரு பேருல? உங்க பேருல தானே? அப்ப பால் காய்ச்சணும்."

கம்பெனி மேனேஜரிடம் கேட்டேன். "டெனன்ட் இருக்கிற வீட்டுல பாலா? அதெல்லாம் வேணாம் அங்கிள்" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். ஆனால் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமை காலை, கம்பெனிக்குச் சொல்லாமலே அவளை அழைத்துக்கொண்டு போனேன். அவள் மடியில் புதுப் பானை, பால், மஞ்சள், குங்குமம், சூடம்.

அந்தப் பெண் இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் மறுக்க முடியாமல் வழிவிட்டாள். அடுப்படியைத் துடைத்து, பானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பாலை ஊற்றினாள் என் மனைவி. பிறகு தீப்பெட்டியை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"நீதாம்மா இந்த வீட்டுல குடியிருக்கிறவ. ஒன் கையாலயே பத்த வை. எங்களுக்கும் நல்லது, ஒனக்கும் நல்லது."

வாங்கினாள். ஒரு குச்சியை எடுத்தாள். உரசவில்லை. அதைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு, தீப்பெட்டியை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"என்னால முடியாதுக்கா. நான் வாடகையே கட்டல. சும்மாதான் இருக்கேன்."

அவள் இருந்த கம்பத்தை, அந்தப் பழைய கிராமத்தையே, காலி செய்து வீட்டை இடித்துவிட்டார்களாம். இரண்டு பிள்ளைகளோடு நின்றவளுக்கு இந்தக் கம்பெனி இலவசமாக இடம் கொடுத்திருக்கிறது. யாராவது பார்க்க வந்தால் வாடகை கட்டுவதாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வீடு விற்றதும் அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். "இந்த ரோட்டுல இது எனக்கு மூணாவது வீடு அண்ணே. பஸ் கிடையாது, கடை கிடையாது, யாரு வருவா இங்க? வாங்கினவருக்கு அவர் காசுலருந்தே கொஞ்ச மாசம் வாடகைன்னு குடுப்பாங்க. அப்புறம் நின்னுடும். ஒரு பெரியவர் மொத வீட்டு கேட்ட பிடிச்சிக்கிட்டு அழுதாரு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அன்னிக்கு எங்கிட்ட வேற மாதிரி சொன்னியே?"

"பக்கத்துல அவங்க நின்னாங்கண்ணே. பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்க போவேன்? வாய்ல சொல்றத சொல்லிட்டேன். ஆனா இந்த அக்கா எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டு தீப்பெட்டிய குடுக்கறாங்க..."

அவள் காட்டிய மற்ற இரண்டு வீடுகளையும் போய்ப் பார்த்தேன். கேட் பூட்டிக் கிடந்தது. புல் முட்டி வரை வளர்ந்திருந்தது.

திரும்பி வந்தபோது என் மனைவி சூடத்தையும் குங்குமத்தையும் பையில் கட்டி வைத்துவிட்டு, அந்தப் பாலில் டீ போட்டிருந்தாள். மூவரும் குடித்தோம். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா இன்னிக்கே வெளிய தள்ளிடுவாங்கக்கா" என்றாள் அந்தப் பெண். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

கையெழுத்து நாளன்று பங்சார் அலுவலகத்துக்குப் போனேன். கோச், மேனேஜர், என்னோடு படித்த நாலைந்து பேர் எல்லாரும் இருந்தார்கள். உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அதை விழுங்கிக்கொண்டு, "மார்கழியில வாங்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கு வேணாம்" என்றேன்.

அறையே சிரித்தது. "லோரி முதலாளிக்கு வீட்டுல பயமா?" என்றார் மேனேஜர். என்னை எழுந்து நிற்க வைத்துக் கைதட்ட வைத்த அதே கோச், "இதுக்குத்தான் நம்ம ஆளுங்க முன்னேறவே மாட்டாங்க" என்றார். வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை, சிரிக்க நான் விட்டதுமில்லை. அன்று விட்டேன்.

கிள்ளானில் என் லோரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு அறை பார்த்துக் கொடுத்தோம். பக்கத்துத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. அவள் பிள்ளைகளோடு சாமானை இறக்கிய அன்று மாலையே போனை எடுத்து, வகுப்பில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ஆசிரியை நம்பி, நேரில் போய்ப் பார்த்துத் தப்பித்தார். கிளார்க் நம்பவில்லை, வாங்கினார், கஷ்டப்பட்டார். வகுப்புக்குக் கட்டிய பணம் எனக்கும் போனதுதான்.

அதற்குப் பிறகு சுயமாகத் தேடி நான்கு வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன், நான்கிலும் ஆள் இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். விற்கிறவனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவனிடம் முன்னால் வாங்கினவரைத் தேடிப் பிடியுங்கள், பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். ஜெயித்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லியும் இருக்கிறேன்; ஆனால் தனியாக இருக்கும்போது மனசு தானாக எடுத்துப் பார்ப்பது, அத்தனை பேர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் அந்தப் பங்சார் படியில் இறங்கி வந்ததைத்தான்.