பாதி மழித்த தலை

இதைப் படிக்கின்ற நீங்கள் எனக்குச் சாட்சியாக இருங்கள். பட்டிமன்ற மேடைகளில் நடுவரை நோக்கிப் பேசியே பழகியவன் நான். இங்கே தீர்ப்பு எதுவும் கேட்கவில்லை. கண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டால் போதும்.

நான்கு வயது வரை எனக்குப் பேச்சு வரவில்லை. வந்தால் ஆடிதோறும் முடி கொடுப்பதாகத் திருத்தணி முருகனிடம் என் தந்தை நேர்ந்துகொண்டார். இன்று நான் எழுந்து நின்றாலே அரங்கு அமைதியாகிவிடும். அந்தப் பேச்சுக்காக ஆண்டுதோறும் மொட்டையானது அவர் தலை.

பொதட்டூர்பேட்டையில் லுங்கி வாங்கி ஊர் ஊராக விற்றவருக்குச் சென்ற ஆண்டு முதல் நினைவு கலங்கத் தொடங்கியது. உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பார். எங்கள் தெருவிலேயே வழி கேட்பார். ஆனால் ஆடி பிறந்ததும், "மலைக்குப் போவணும்டா. போவலன்னா உன் பேச்சு போயிடும்" என்று தவிக்க ஆரம்பித்தார்.

அம்மாவும் நானும் அழைத்துப் போனோம். மொட்டையடிக்கும் மண்டபத்தில், பாதித் தலை மழித்திருந்தபோது சட்டென்று எழுந்துவிட்டார்.

"யார்றா இவன்? கத்திய எடுத்துகினு வரான்!"

"உக்காருங்க பெரியவரே. பாதியோட போனா முருகரு மீதிய கேப்பாரு" என்றார் நாவிதர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சுவரோரம் ஒண்டிக்கொண்டார். கைகள் நடுங்கின.

நான் பேசினேன். அது அவரே நேர்ந்துகொண்டது என்பதை, அஞ்சுவதற்கு எதுவுமில்லை என்பதை, கற்ற வித்தையெல்லாம் கூட்டி எடுத்துரைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ வக்கீலா?" என்றார்.

"ஆங், நல்லா கேட்டீங்க. வூட்லயும் இதே ரோதனதான்" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பேச்சை விட்டேன். நாவிதர் முன் நானே அமர்ந்தேன்.

"எனக்கு மொதல்ல எடுங்கண்ணா."

"டேய், நாளிக்கு மேடை ஏறணுமேடா!" என்று பதறினாள் அம்மா. சீவிச் சீவி நான் பேணிய முடி அது.

கத்தி நெற்றியைத் தொட்டதும் என்னையறியாமல் தலை பின்வாங்கியது. அப்போது இரண்டு உள்ளங்கைகள் என் கன்னங்களைப் பற்றின. அவற்றில் நடுக்கம் இல்லை.

"அசையாத கண்ணு. ஒண்ணும் ஆவாது. நைனா பிடிச்சிகினு கீறேன் இல்ல?"

கடைசி மயிர் விழும்வரை அவர் கை எடுக்கவில்லை. பிறகு என் மொட்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். நான் எழுந்த இடத்தில் தாமாகவே அமர்ந்து, என் கைகளை இழுத்துத் தம் கன்னங்களில் வைத்துக்கொண்டார். மீதி முடியும் இறங்கியது.

இருவர் தலையிலும் அம்மா சந்தனம் பூசினாள். "இனிமே உனக்குப் பேச்சு போவாது இல்ல?" என்று அப்பா கேட்டார்.

மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்:

"போவாது நைனா. அடுத்த ஆடிக்கும் வருவோம். உனக்கு முன்னாடி நான் உக்கார்றேன். நீ என்னப் பிடிச்சிக்கோ."